கர்ண மோட்சம்: தெருக்கூத்தில் ஆசையும் மனச்சாட்சியும்

கர்ண மோட்சம் என்பது வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்து மரபில் விடிய விடிய ஆடப்படும் பாரதக் கூத்துகளுள் ஒன்றாகும். பாரதப் போரின் 17ஆம் நாளில் கர்ணன் அருச்சுனனோடு பொருது மடிவது இதன் கதை. காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசி வட்டாரச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இது ஆடப்படுகிறது. இறந்தவர்களுக்கான கருமாதிச் சடங்கையொட்டி ஆடப்படும் கூத்தும் இதுவே. இதன் பாடம் புகழேந்திப் புலவர் பெயரால் வழங்குகிறது. கூத்து ஆய்வாளர் ஹன்னே எம். டி புரூயின் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1998ஆம் ஆண்டு புதுச்சேரியில் வெளியானது.

துன்பியல் நாடகத்தில் ஆசைக்கும் மனச்சாட்சிக்கும் நடக்கும் அகப்போராட்டத்துக்குப் பாடநூல்கள் பெரும்பாலும் சேக்சுபியரின் மக்பெத்தையே எடுத்துக்காட்டாகத் தருகின்றன. அதே போராட்டத்தைத் தமிழ்க் கூத்து வேறொரு கோணத்திலிருந்து காட்டுகிறது. தனக்குப் பட்டம் தந்த அரசனையே பதவி ஆசையால் கொல்பவன் மக்பெத். தனக்குப் பட்டம் தந்த அரசனுக்காகத் தன் அறத்தையே விட்டுக்கொடுப்பவன் கர்ணன். மக்பெத் நன்றியை மீறினான்; கர்ணன் நன்றிக்குள் தன் மனச்சாட்சியை அடகு வைத்தான். இருவர் முடிவும் அழிவே. நன்றி என்னும் நற்குணமும் ஒருவனைத் தவறான பக்கத்தில் நிறுத்தக்கூடும் என்பதே கர்ண மோட்சம் எழுப்பும் கடினமான கேள்வி.

பின்னணி: பாரதமும் கூத்தும்

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடத்துவது பல நாள் விழாவாகும். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அன்றைய கதைப்பகுதியைக் கூத்தாக ஆடுவர். திரௌபதி கலியாணம், பகடை துகில், அருச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஆகியவை இவ்வரிசையில் அதிகம் ஆடப்படுபவை. கடைசி நாள் காலையில் படுகளமும் மாலையில் தீமிதியும் நடைபெறும்.

கூத்துக்கு மேடை வேண்டியதில்லை. ஊர்ப் பொதுவிடமே களரி ஆகும். மூன்று பக்கமும் மக்கள் அமர்ந்திருப்பர். பின்புறம் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை ஆகியவற்றோடு பின்பாட்டுக்காரர்கள் இருப்பர். அரசர், வீரர் வேடங்களுக்கு மரத்தால் செய்து கண்ணாடிச் சில்லுகளும் காகிதமும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய அணிகள் உண்டு. இக்கட்டைகளைக் கட்டி ஆடுவதால் இதனைக் கட்டைக்கூத்து என்றும் அழைப்பர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கும் கட்டைக்கூத்துச் சங்கம் 1990ஆம் ஆண்டு கூத்துக் கலைஞர்களின் அமைப்பாகத் தொடங்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் பல தலைமுறைகளாக இக்கலையைக் காத்து வருகின்றனர்.

கதைக்குக் காஞ்சிபுரத்தோடு வேறொரு தொடர்பும் உண்டு. நகரின் திருப்பாடகம் பகுதியிலுள்ள பாண்டவதூதப் பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. பாண்டவர்களுக்காகத் தூது சென்ற கண்ணன் இங்கே அமர்ந்த கோலத்தில் மிகப் பெரிய திருமேனியாகக் காட்சி தருகிறார். கண்ணன் அமரும் இருக்கைக்கு அடியில் துரியோதனன் நிலவறை தோண்டி வைத்த கதை இக்கோயில் வரலாற்றில் சொல்லப்படுகிறது. கர்ணனின் அகப்போராட்டம் உச்சத்தை அடைவது அந்தத் தூதை ஒட்டித்தான்.

கர்ணனின் ஆசை

கர்ணனை வள்ளல் என்றே தமிழர் முதலில் நினைப்பர். ஆனால் அவன் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து நகர்த்துவது ஒரு தீராத ஆசையாகும். பொன்னும் பெண்ணும் அந்த ஆசையின் பொருள் அல்ல. நாலு பேர் நடுவில் தலைநிமிர்ந்து நிற்கும் தகுதியையே அவன் விரும்பினான்.

மணமாகாத குந்திக்குச் சூரியன் அருளால் பிறந்த கர்ணன் பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்டான். தேரோட்டி ஒருவன் எடுத்து வளர்த்தான். வில் பயிற்சிக்காகப் பரசுராமரிடம் தன்னை அந்தணன் என்று பொய் சொல்லிச் சேர்ந்தான். உண்மை வெளிப்பட்டபோது, தக்க சமயத்தில் கற்ற வித்தை மறந்துபோகும் என்ற சாபத்தைப் பெற்றான். அரங்கேற்றத்தில் அருச்சுனனுக்கு நிகராக வில் வித்தை காட்டியபோது, அவனுடைய குலம் என்ன என்று கேட்டு அவமதித்தனர். துரியோதனன் அந்த இடத்திலேயே அவனை அங்க நாட்டு அரசனாக்கினான்.

இந்த ஒரு நிகழ்ச்சிதான் கர்ணன் கதையின் முடிச்சு. துரியோதனன் நட்பினால் மட்டுமே அதைச் செய்யவில்லை. அருச்சுனனுக்கு எதிராக நிறுத்த அவனுக்கு ஒரு வில்லாளி தேவைப்பட்டான். ஆயினும் ஊரே இழிவாகப் பார்த்த இளைஞனுக்கு அது மறக்க முடியாத உதவி. ஆசை நிறைவேறிய அந்த நொடியிலேயே கடனும் ஏறிவிட்டது. அதைத் தமிழ் மரபு செஞ்சோற்றுக்கடன் என்று அழைக்கிறது.

அதன்பின் கர்ணன் செய்த தவறுகள் சிறியவை அல்ல. துகிலுரியும் சபையில் அவன் வாய்மூடி இருக்கவில்லை. திரௌபதியை இழிவாகப் பேசியவர்களுள் அவனும் ஒருவன் என்று வியாச பாரதம் சொல்கிறது. கௌரவர்களுள் இளையவனான விகர்ணன் எழுந்து இது முறையல்ல என்று வாதிட்டபோது, அவனை அடக்கிப் பேசியவனும் கர்ணனே. அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றதிலும் அவனுக்குப் பங்கு உண்டு.

மனச்சாட்சி பேசும் இடங்கள்

கர்ணனுக்குத் தான் செய்தது தவறு என்று தெரியாமல் இல்லை. வியாச பாரதத்தின் உத்தியோக பர்வத்தில், தூது முடிந்து திரும்பும் கண்ணன் கர்ணனைத் தனியே அழைத்து அவன் பிறப்பு உண்மையைச் சொல்கிறான். பாண்டவர் பக்கம் வந்தால் மூத்தவனாகிய உனக்கே அரியணை என்கிறான். கர்ணன் மறுத்துவிடுகிறான். ஆனால் அந்த உரையாடலிலேயே, துரியோதனனை மகிழ்விப்பதற்காகப் பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னதற்குத் தான் வருந்துவதாக ஒப்புக்கொள்கிறான். போரில் யார் வெல்வர் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் எந்தத் தகுதிக்காக ஏங்கினானோ அதன் உச்சம், அதாவது குரு நாட்டு அரியணை, அவன் காலடிக்கே வருகிறது. அதுவும் முறைப்படி அவனுக்கு உரியது. கர்ணன் அதை வேண்டாம் என்கிறான். ஆசையை வென்றுவிட்டான் என்று இதைப் பாராட்டலாம். ஆனால் ஆசையை வென்றவன் அறத்தின் பக்கம் போகவில்லை. தவறு என்று தானே ஒப்புக்கொண்ட பக்கத்துக்கே திரும்பிப் போகிறான். ஆகவே இது ஆசைக்கும் மனச்சாட்சிக்கும் இடையிலான போர் மட்டும் அன்று. நன்றி சொல்வதையும் அறம் சொல்வதையும் ஒருசேரக் கேட்கும் மனச்சாட்சி இரண்டாகப் பிளக்கும் போராகவும் இது ஆகிறது.

வில்லிபாரதத்தில் இக்காட்சி தாய்க்கும் மகனுக்கும் இடையில் நடக்கிறது. குந்தி வந்து தான் தாய் என்று சொல்கிறாள். கர்ணன் துரியோதனனை விட்டு வர முடியாததற்குக் காரணமாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறான். துரியோதனன் மனைவியோடு சூதாடிக்கொண்டிருந்தபோது கர்ணன் கைபட்டு அவள் அணிந்திருந்த மேகலை அறுந்து மணிகள் சிதறின. அந்நேரம் உள்ளே வந்த துரியோதனன் ஐயப்படவில்லை. உதிர்ந்த மணிகளைத் தானே எடுத்துத் தர முன்வந்தான். இப்படி நம்பியவனை விட்டு வருவது எப்படி என்பது கர்ணன் கேள்வி. குந்தி இரண்டு வரம் கேட்டுப் பெறுகிறாள்: நாகக்கணையை இரண்டாம் முறை தொடுக்கக் கூடாது, அருச்சுனன் தவிர மற்ற நால்வரைக் கொல்லக் கூடாது. கர்ணன் கேட்பது, தான் மடிந்தபின் மடியில் கிடத்தி மகன் என்று உலகறியச் சொல்ல வேண்டும் என்பது.

கர்ணன் பதில் உண்மையானது, நெகிழ்ச்சியானது. ஆனால் அதில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. துரியோதனன் தன்னை நம்பினான் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சபையில் நின்ற திரௌபதிக்குக் கணக்கு இல்லை.

பொன்னுருவி: வீட்டுக்குள் எழும் கேள்வி

கூத்து மரபு இந்தக் கதையில் சேர்த்த மிகச் சிறந்த பாத்திரம் கர்ணன் மனைவி பொன்னுருவி. வியாச பாரதத்தில் இப்பெயர் இல்லை. நாட்டுப்புறக் கதைகளிலும் கூத்திலும் அவள் பிறப்பால் அரசமகள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோம் என்ற மனக்குறை அவளுக்கு உண்டு. போருக்குப் புறப்படும் முன் விடைபெற வரும் கர்ணனை அவள் எளிதில் ஏற்பதில்லை. குலத்தைச் சொல்லிக் குத்துகிறாள். கர்ணன் தன் பிறப்பு உண்மையைச் சொன்ன பின்புதான் அவள் மனம் மாறுகிறது. மாறியதும் அவனைப் போக விடாமல் தடுக்கிறாள். தான் கண்ட கெட்ட கனவுகளைச் சொல்லி அஞ்சுகிறாள்.

கூத்து பார்ப்பவர்கள் ஆவலோடு காத்திருக்கும் இடம் இது. பாட்டும் எதிர்ப்பாட்டும் வாதமும் அழுகையும் நீண்ட நேரம் நடக்கும். அரங்கேற்றத்தில் ஊர் கேட்ட அதே கேள்வி இப்போது அவன் வீட்டுக்குள் கேட்கிறது. அங்க நாட்டு முடி தலையில் இருந்தும் மனைவி பார்வையில் அவன் உயரவில்லை. எந்த மதிப்புக்காக அவன் அறத்தை விட்டுக்கொடுத்தானோ, அந்த மதிப்பு வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அது கிடைக்கும் நேரத்தில் அவன் சாகப் போகிறான். ஆசையின் வெறுமையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மக்பெத்தின் மனைவியோடு பொன்னுருவியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவள் தயங்கும் கணவனைக் கொலைக்குத் தூண்டுகிறாள்; பிறகு தூக்கத்தில் நடந்து, கையில் இல்லாத இரத்தக் கறையைக் கழுவுகிறாள். பொன்னுருவி போகாதே என்கிறாள். மக்பெத் மனைவியின் சொல்லைக் கேட்டு அழிகிறான். கர்ணன் மனைவியின் சொல்லைக் கேளாமல் அழிகிறான். இரண்டு நாடகங்களிலும் நாயகன் வெளியே பேச முடியாததை மனைவி வாய்விட்டுச் சொல்கிறாள்.

அகப்போராட்டத்தைக் கூத்து காட்டும் முறை

மக்பெத்தின் மனச்சாட்சி தனிமொழியாகப் பேசுகிறது. தங்கனைக் கொல்லும் முன் அவன் தனியே நின்று, அரசன் தன் உறவினன், தன் வீட்டு விருந்தினன் என்று காரணங்களை எண்ணிப் பார்க்கிறான். காற்றில் ஒரு குறுவாள் தெரிகிறது. கொன்ற பின் தூக்கம் போய்விடுகிறது. விருந்தில் பாங்கோவின் ஆவி அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. எல்லாம் ஒரு மனிதனின் தலைக்குள் நடக்கிறது.

கூத்தில் மனம் பேசும் முறை வேறு. அதைப் பின்வருமாறு பிரித்துக் காணலாம்.

திரைப் பிரவேசம்: முக்கிய வேடம் களரிக்குள் வரும்போது இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடும். கிரீடத்தின் நுனியும் காலின் சலங்கையும் மட்டும் தெரியும். தன்னைப் பற்றிப் படர்க்கையில், கர்ண மகாராசன் வருகிறான் என்ற முறையில் பாடுவது மரபு. ஆடுபவர் பாத்திரத்துக்கு வெளியே நின்று பாத்திரத்தைக் காட்டுகிறார். இதனால் கர்ணனின் பெருமையையும் அவன் குறையையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது.

கட்டியங்காரன்: அரசன் வருகையை அறிவிக்கும் ஏவலாளும் நகைச்சுவைக்காரனும் இவனே. அரசனிடம் ஊரார் மொழியில் பேசுவான். யாரும் கேட்கத் துணியாத கேள்வியைக் கிண்டலாகக் கேட்பான். அரசன் பெருமை பேசும்போது அதைச் சோற்றுக்கும் கூலிக்கும் இறக்கிவிடுவான். ஒரு வகையில் ஊரின் மனச்சாட்சி இவன் வாய் வழியாகப் பேசுகிறது.

பாட்டும் வசனமும்: விருத்தம், தரு, கந்தார்த்தம் ஆகியவற்றில் உணர்ச்சி ஏறும். அடுத்து வரும் வசனத்தில் அதே செய்தி பேச்சு வழக்கில் விளக்கப்படும். பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திரும்பப் பாடுவதால், ஒருவன் மனத்தில் இருப்பது பல குரல்களில் ஒலிக்கிறது.

எதிர்ப் பாத்திரங்கள்: கர்ணனுக்குள் இருக்கும் ஒவ்வோர் இழுப்புக்கும் ஓர் ஆள் உண்டு. குந்தி பாசம், துரியோதனன் நன்றி, பொன்னுருவி தன்மானம், தேரோட்டியாக வரும் சல்லியன் ஐயம், கண்ணன் அறம். தனிமொழி செய்ய வேண்டிய வேலையை வாதமும் சண்டையும் செய்கின்றன.

இதன் விளைவு முக்கியமானது. மக்பெத்தின் குற்ற உணர்வுக்குச் சாட்சி அவன் ஒருவனே. கர்ணனின் குற்றத்துக்கும் வருத்தத்துக்கும் சாட்சி ஊர். மனச்சாட்சி என்ற சொல்லிலேயே சாட்சி இருக்கிறது. கூத்து அந்தச் சாட்சியைக் களரியில் உட்கார வைக்கிறது.

ஆடுபவரின் மனமும் இதில் விலகி நிற்பதில்லை. பகடை துகில் ஆடும் இரவில், திரௌபதி வேடக்காரரின் சேலையைத் தொடும் முன் துச்சாதன வேடக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்பது பல ஊர்களில் வழக்கம். நடிப்பதற்கே மன்னிப்புக் கேட்கும் மரபில், உண்மையாகச் செய்தவன் நிலை என்ன என்று பார்ப்பவர் தாமே எண்ணிக்கொள்வர்.

தேர்ச் சக்கரமும் கண்ணன் கேள்வியும்

போரில் கர்ணன் தேர்ச் சக்கரம் மண்ணில் அழுந்துகிறது. கற்ற வித்தை மறக்கிறது. சக்கரத்தைத் தூக்கும் வரை அம்பு விடுவது அறமல்ல என்று அவன் அருச்சுனனிடம் கேட்கிறான். வியாச பாரதத்தில் அதற்குக் கண்ணன் விடை சொல்கிறான். சபையில் திரௌபதியை இழுத்து வந்தபோதும், அரக்கு மாளிகைக்குத் தீயிட்டபோதும், சிறுவன் அபிமன்யுவைப் பலர் சூழ்ந்தபோதும் இந்த அறம் எங்கே போயிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். கர்ணன் விடை சொல்லாமல் தலை குனிகிறான். இதுவரை உள்ளே ஒலித்த குரல் இப்போது வெளியிலிருந்து, எதிரியின் பக்கத்திலிருந்து ஒலிக்கிறது. மறுக்க முடியாமல் போவதற்குக் காரணம், அது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த குரல்.

தமிழ் மரபு இத்தோடு முடிப்பதில்லை. வில்லிபாரதத்தில் கண்ணன் முதிய அந்தணனாக வந்து, கர்ணன் செய்த புண்ணியம் முழுவதையும் தானமாகக் கேட்கிறான். குருதியால் தாரை வார்த்து அதையும் கொடுக்கிறான் கர்ணன். மெய்யுருவம் காட்டும் கண்ணனிடம் அவன் கேட்கும் வரம், எப்பிறவியிலும் இரப்பவர்க்கு இல்லை என்னாத மனம். பிறகு குந்தி களத்துக்கு வந்து மகனை மடியில் கிடத்தி அழுகிறாள். தாம் கொன்றது அண்ணனை என்று பாண்டவர் அறிகின்றனர்.

கூத்தின் பெயரையும் கவனிக்கலாம். கீசகன் கொல்லப்படுவது வதம். துரியோதனன் வீழ்வது படுகளம். கர்ணன் சாவு மட்டும் மோட்சம். கர்ணனின் குற்றங்களை ஊர் மறக்கவில்லை. கண்ணன் வாயால் பட்டியலிட்டுச் சொல்லியே தீர்க்கிறது. ஆனால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட பின் அவனைத் தண்டனைக்கு உரியவனாக வைத்திருக்கவும் மனம் வரவில்லை. கருமாதிக்கு இக்கூத்தை வைப்பதன் பொருளும் இங்கேதான் இருக்கிறது. இறந்தவர் குறையில்லாதவர் என்று சொல்லாமலே அவருக்கு நற்கதி வேண்ட முடிகிறது.

துரியோதனன்: காலம் கடந்த வருத்தம்

மக்பெத்துக்கு நேர் நிகரான பாத்திரம் துரியோதனன். பாதி நாடு, ஐந்து ஊர், ஐந்து வீடு எனத் தூது வந்த கண்ணன் கேட்பதைக் குறைத்துக்கொண்டே போகிறான். துரியோதனன் எதையும் தர மறுக்கிறான். கூத்தில் சிவப்பு முகப்பூச்சும் பெரிய கிரீடமுமாக அவன் வரும்போது களரி அதிரும்.

பதினெட்டாம் போரில் அவன் தம்பியர், நண்பர், ஆசிரியர் அனைவரையும் இழந்து தனியே நிற்கிறான். வில்லிபாரதத்தின் இறுதியில், தொடை முறிந்து கிடக்கும் அவன் முன் அசுவத்தாமன் ஐந்து தலைகளைக் கொண்டு வருகிறான். அவை பாண்டவர் தலைகள் அல்ல, திரௌபதியின் இளம் புதல்வர் தலைகள் என்று துரியோதனன் அறிகிறான். பகைவரின் பிள்ளைகள் இறந்ததற்கு அவன் மகிழவில்லை. குலத்தின் வித்து அழிந்ததே என்று வருந்துகிறான். ஐந்து வீடு தர மனமில்லாதவனுக்கு ஐந்து பிள்ளைகளின் தலையைப் பார்க்கும்போது மனச்சாட்சி விழிக்கிறது. அதனால் இனி யாருக்கும் பயன் இல்லை.

மறுநாள் காலைப் படுகளத்தில், திறந்தவெளியில் மண்ணால் செய்த பேருருவமாகத் துரியோதனன் கிடக்கிறான். வீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அதைச் சுற்றிப் போரிடுவர். தொடையில் அடி விழுந்ததும் செந்நீர் வழியும். திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். சில ஊர்களில் காந்தாரி ஒப்பாரி வைப்பதும் உண்டு. விழா முடிந்தபின் அந்த உருவத்தின் மண்ணை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் சில ஊர்களின் வழக்கம். பேராசையின் உருவத்தை உடைத்த பின் அதன் மண்ணை வளம் தருவதாகக் கொள்கிறது ஊர்.

உத்திரமேரூர்க் கல்வெட்டும் கர்ணன் சிக்கலும்

நன்றியும் உறவும் நீதியை வளைக்கும் என்ற அறிவு இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரு கல்வெட்டுகள் உள்ளன. இவை பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளிலிருந்து வாரிய உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை இவை கூறுகின்றன.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, போட்டியிடுபவர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழப்பார். அவர் மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினர்களும் முறைப்பெயர் சொல்லி விலக்கப்பட்டனர். ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பது ஏதும் அறியாத ஒரு சிறுவன்.

இவ்விதிகள் பிராமணர் ஊர்ச் சபைக்கு உரியவை. எல்லோருக்கும் இடமளித்தவை அல்ல. ஆயினும் அவற்றின் அடிப்படை தெளிவானது. பதவி ஆசையை மனிதனின் மனச்சாட்சியை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது, வரம்பு வேண்டும். ஒருவனுக்குக் கடமைப்பட்டவர்கள் அவன் தவற்றைத் தட்டிக் கேட்க மாட்டார்கள் என்பதையும் அவ்விதிகளை வகுத்தவர்கள் அறிந்திருந்தனர். கர்ணனின் சிக்கல் சபை விதியாக மாறினால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். கல்வெட்டு ஆசைக்கு வெளியிலிருந்து வேலி போடுகிறது. கூத்து அதை உள்ளிருந்து காட்டுகிறது.

வேறு வழி இருந்ததா?

கர்ணனுக்கு வேறு வழி இல்லை என்று சொல்வது வழக்கம். ஆனால் பாரதமும் இராமாயணமும் ஒரே சிக்கலுக்குப் பல விடைகளை வைத்திருக்கின்றன.

விகர்ணன்: சபையில் எழுந்து தவறு என்று சொன்னான். பிறகு அண்ணன் பக்கமே நின்று போரிட்டு மடிந்தான். துணை நிற்பதும் தவற்றைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இவனே சான்று.

விதுரன்: வில்லிபாரதத்தில் துரியோதனன் இழிவாகப் பேசியதும் தன் வில்லை முறித்துப் போட்டுப் போரிலிருந்து விலகினான்.

கும்பகர்ணன்: இராவணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அவனுக்காகவே போர்க்களம் போனான்.

வீடணன்: சொல்லிப் பார்த்துக் கேட்காதபோது அண்ணனை விட்டு நீங்கினான்.

இவர்கள் நால்வரும் தவற்றைத் தவறு என்று உரியவனிடமே சொன்னவர்கள். கர்ணன் அதைக் கண்ணனிடம் சொன்னான், சபையில் சொல்லவில்லை. உயிரைக் கொடுக்கத் துணிந்தவன், தனக்கு வாழ்வு தந்தவன் முகம் வாட ஒரு சொல் சொல்லத் துணியவில்லை. அவனுடைய துன்பியல் குறை இதுவே.

தமிழ் மேடையில் மக்பெத்

மக்பெத் தமிழ் மேடைக்கு அயலானது அன்று. 1873ஆம் ஆண்டு பிறந்து, 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் சேக்சுபியர் நாடகங்கள் பலவற்றைத் தமிழ்ப்படுத்தினார். ஆம்லெட் ‘அமலாதித்யன்’ ஆகவும் மக்பெத் ‘மகபதி’ ஆகவும் வந்தன. அதே காலத்தில் சிற்றூர்க் களரிகளில் கர்ணனும் துரியோதனனும் ஆடிக்கொண்டிருந்தனர். ஒன்று நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்த நகர நாடகம். மற்றொன்று ஊர் வரி போட்டு நடத்திய கோயில் கூத்து. இரண்டும் கையாண்டது மனித மனத்தின் ஒரே நோயை.

இலக்கிய மாணவர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது பயன் தரும். ஆசை கெட்டது, மனச்சாட்சி நல்லது என்ற எளிய பகுப்பு மக்பெத்துக்கு ஓரளவு பொருந்தும். கர்ணனுக்குப் பொருந்தாது. அவன் ஆசை நியாயமான ஆசை. இழிவிலிருந்து மீள விரும்புவது குற்றமாகாது. அவன் நன்றியும் உண்மையான நன்றி. இரண்டு நியாயங்கள் சேர்ந்து ஒரு பெரும் அநியாயத்துக்குத் துணை போனதே அவன் கதை. வேலை தந்தவர், படிக்க வைத்தவர், பதவிக்குக் கைதூக்கிவிட்டவர் தவறு செய்யும்போது என்ன செய்வது என்ற கேள்வி இன்றும் ஒவ்வொருவருக்கும் வரக்கூடியது. விடியற்காலையில் கர்ணன் சாயும்போது களரியைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் கண்ணீர் விடுவது அந்தக் கேள்வி தங்களுக்கும் உரியது என்பதால்தான்.